பாரிஸில் இறங்கி பாரிஸில் ஏறுவது

"மொதல்ல அந்தப் போனக் கவுத்தி வைங்க. பாஸ்போர்ட்ட எடுங்க."

குவைத்தின் ஃபஹாஹீல் கடைத்தெருவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கௌஸ் முகைதீன், வருகிறவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். கீழக்கரைக்காரர். சலாமுக்குப் பதில்கூட அதற்குப் பிறகுதான். பால் இல்லாத சுலைமானி டீயை வாங்கி வைத்துவிட்டு யார்மீதாவது கோபப்பட்டுக்கொண்டிருப்பார். ஆறிப்போன பின் டீ மீதும் கோபப்படுவார்.

ஐரோப்பாவில் வேலை கிடைத்தவர்கள் அவரிடம் வந்தால் தொலைந்தார்கள். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இவ்வளவு தூரம், இத்தனை மணி நேரம் என்று ஏதாவதொரு இணையதளம் கோடு போட்டுக் காட்டியிருக்கும். "பக்கம்தான பாய்" என்பார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருக்குப் பக்கம்? அங்கன பொறந்தவனுக்குப் பக்கம். நம்ம கையில இருக்க பாஸ்போர்ட்டுக்குப் பக்கமா?"

போன வியாழக்கிழமை நாகவள்ளி வந்தாள். புதுக்கோட்டைப் பக்கம். டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர் இருந்தால் அதில் போனில் கெட்டிக்காரி ஒருத்திதான் எல்லோருக்கும் டிக்கெட் போடுவாள். அது ரூம் வழக்கம். நாகவள்ளிக்கும் அப்படியே போட்டார்கள், மலிவாக இரண்டு துண்டாக. குவைத்திலிருந்து பாரிஸ் ஒரு டிக்கெட், பாரிஸிலிருந்து டப்ளின் வேறொரு டிக்கெட்.

"பாரிஸ்லேந்து டப்ளினுக்கு ஒன்னே முக்கா மணி நேரந்தான்னு போட்டிருந்துச்சு பாய்."

"போட்டிருப்பான். நீ எறங்குற ஏர்போர்ட் வேற, ஏறுற ஏர்போர்ட் வேறம்மா. ரெண்டுக்கும் நடுவுல பஸ்ஸுல போவணும். வெளிய விட பிரான்ஸ் விசா வேணும். ஒன்ட்ட அயர்லாந்து விசாதான் இருக்கு. இங்க குவைத்துலயே மறிச்சுருவான்."

அவள் குவைத்தில் தங்கும் அனுமதியான அக்காமாவை ரத்து செய்துவிட்டிருந்தாள். திங்கட்கிழமை சேராவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு. பின்னாலும் போக முடியாது, முன்னாலும் போக முடியாது. முகம் வெளுத்து நின்றாள்.

"அழகா மேப்பு வரையத் தெரியுது. இந்தப் பாஸ்போர்ட்டுக்கு இந்த வழி ஆவாதுன்னு ஒரு வரி எழுத வலிக்குதா?" அவளைத் திட்டவில்லை, கவிழ்த்து வைத்த போனைத் திட்டினார். நியாயமான கோபம்தான். ஒரே ஆகாயம், ஒரே விமானம், பக்கத்து இருக்கைக்காரன் கையை வீசிக்கொண்டு வெளியே போவான். இவள் மட்டும் காரணம் சொல்ல வேண்டும்.

ஒரே டிக்கெட்டில், வெளியே வராமல் துபாயில் மாறி நேரே டப்ளின் போகும் விமானத்தில் செவ்வாய்க்கிழமைதான் இடம் இருந்தது. அதைப் போட்டார்.

"செவ்வாயா? அவங்க ஒத்துக்க மாட்டாங்க பாய்."

"மேனேஜர் நம்பரச் சொல்லும்மா."

எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும், ஊரையே அதட்டுகிற அந்த மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். டப்ளினிலிருந்து யாரும் அவரைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"குட் மார்னிங் சார். சாரி சார். மை மிஸ்டேக் சார், நாட் ஹர் மிஸ்டேக். டிக்கெட் ராங் பண்ணது நான் சார்."

எப்போது வந்து சேர்வாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு, புதன்கிழமை வந்தால் போதும் என்றார்கள்.

"தேங்க்யூ சார். தேங்க்யூ சார்."

போன் அணைந்தது. நாகவள்ளியின் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பொத்தானைப் பிய்த்துவிடுகிற வேகத்தில் அவிழ்த்தார்.