அமாவாசைக்கு வந்த ஆட்டக்காரன்

பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் போனில் நடந்த காலம் அது. பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அந்தப் போனில் கற்றுக்கொண்டேன். பூதங்களை மோதவிடும் விளையாட்டைச் சொல்லித் தந்தவன் களமருதூர் அத்தையின் மகன். ஆளுக்கு ஆறு பூதம். நெருப்புக் கக்குகிற ஆறையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, போன வேகத்தில் தோற்பேன்.

"ஆறும் அடிக்கிற ஆளா இருந்தா இன்னா பண்ணுவ? ஒண்ணு அடி வாங்கணும், ஒண்ணு மருந்து போடணும். எதிர்ல இருக்கறவன் இன்னா நெனக்கிறான்னு மொதல்ல பாரு," என்பான். அவன் அணியில் முன்னால் நிற்பது ஒரு மரப்பூதம். பச்சை இலைக் குறியைத் தொட்டால் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும்.

ஐப்பசியில் உளுந்தூர்பேட்டை சாலையில் ஒரு லாரி அவன் வண்டியை இடித்தது. என்னைச் சாவுக்கு அழைத்துப் போகவில்லை. அதனாலோ என்னவோ, அவன் செத்ததை நான் முழுதாக நம்பவில்லை.

அடுத்த அமாவாசை. தியாகதுருகத்தில் எங்கள் வாசலில் கோலம் இல்லை. அம்மா தாத்தாவுக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தாள். உச்சிவேளையில் விளையாட்டைத் திறந்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது. ஆட அழைப்பும் வந்தது.

ஏற்றேன். மரப்பூதம் வந்து நின்றது. அடித்தேன், இலையைப் போட்டுக்கொண்டது. மறுபடி அடித்தேன், மறுபடி இலை. ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. அவன் அப்படி விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை. கொல்லையில் அம்மா காக்கையைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சற்றுக்கெல்லாம் அவன் பெயர் அணைந்தது.

அதன்பின் மாதம் தவறாமல், அமாவாசை உச்சியில் வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. பேயைவிட, போனைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அவன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான், ஆறு பூதமும் விழுந்தால்தான் வெளியே போவான் என்று நானாகவே முடிவு கட்டினேன்.

அவன் சொன்னபடியே அணி சேர்த்தேன். அடி வாங்க ஒரு பாறைப்பூதம், விஷம் ஏற்ற ஒரு தேள்பூதம். ஏறிய விஷத்தை இலையால் இறக்க முடியாது. மாசி அமாவாசையன்று மரம் சாய்ந்தது. பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாக வந்து, கையைக்கூடத் தூக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்று, விழுந்தன. அவனை அனுப்பிவைத்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெயர் பிறகு எரியவே இல்லை.

கல்லூரியில் சேருவதற்கு முன் அத்தை வீட்டுக்குப் போனேன். அவன் படத்துக்குக் கீழே அவனுடைய போன் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அத்தை தானாகச் சொன்னாள்.

"அமாவாசையானா படையல்ல வெப்பேன். ஆட்டத்தத் தொறந்து, மேல இருக்கற பேரத் தொடுவேன். எதிர்ல யாரோ, எவரோ. எனக்கு இன்னா தெரியும், எலைய மட்டும் காட்டிக் குடுத்திருந்தான். புள்ளைக்கு அடி வுழ வுழ அதத் தொட்டுகினே இருப்பேன். ஒரு நாளு அதுவும் வுழுந்துடுச்சி. அப்புறம் வெக்கல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று அந்த வயதில் எவ்வளவோ யோசித்தேன். அங்கே ஒரு அம்மா மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.