குனிகிற உயரத்தில் காற்று

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. கடப்பாறையோடு கிணற்றில் இறங்கியவன், இன்று கிரேன் வைத்திருக்கிறேன், ஆள் வைத்திருக்கிறேன், காரமடையில் வீடு கட்டியிருக்கிறேன். தாராபுரத்திலிருந்து கொடுமுடி வரை நான் தூர் வாரிய கிணறுகளில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். பங்காளி எவனும் கைகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டதால் வந்த வாழ்வு இது. கயிறு புதிது என்றால் இழுத்துப் பார்ப்பேன். ஆள் நல்லவன் என்றால் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பேன்.

1. சிரித்த ஆள்

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பல வருடம் மூடிக் கிடந்த கிணறு. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று பார்க்க விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினோம். ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில் அதைத் தொங்கவிடுவது எங்கள் தொழில் வழக்கம். நன்றாக எரிந்தது. என் ஆள் ரங்கன் பெல்ட் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் சேற்றை அள்ளித் தொட்டியில் போட, கிரேன் மேலே தூக்கும்.

முதல் நாள் தலைவலி என்றான். மறுநாள் ஏறி வந்து டீயைக் கொட்டினான், தனக்குத்தானே சிரித்தான். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டான்.

தோட்டத்துக்காரர் என் காதோரம் வந்தார். "ஏனுங்க, உங்காளு காலங்காத்தாலயே ஊத்தீட்டு வந்துட்டானாட்ட இருக்குதுங்க."

எனக்கும் அதே சந்தேகம். "எங்க, வாயை ஊது" என்றேன்.

"ஏனுங்ணா, பலாப்பழமாட்ட மோந்து பாக்கறீங்க?"

வாடையே இல்லை. உடனே தோட்டத்துக்காரர் மேல் சந்தேகம் திரும்பியது. வேறு ஆளை வைக்கச் சாக்கு தேடுகிறாரோ?

"தலைவலி என்னாச்சு?"

"பழகிப்போச்சுங்ணா. இப்ப ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

அந்த 'ஒண்ணுமே' எனக்குப் பிடிக்கவில்லை.

2. அணைந்த விளக்கு

அவன் மறுபடி இறங்கினான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் கிணற்று விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்தால் ஒழுங்காக நிற்கிறான். குனிந்து நாலு வெட்டு அள்ளினால் கை தடுமாறுகிறது. நிமிர்கிறான், சுதாரிக்கிறான். மறுபடி குனிகிறான், மறுபடி தடுமாறுகிறான்.

இப்போது விளக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. கயிற்றை அவன் முழங்கால் வரை விட்டேன். சுடர் சுருங்கி அணைந்தது.

"ரங்கா, குனியாத! தொட்டில ஏறு!"

"ரெண்டே தொட்டிதானுங்ணா, முடிச்சுப்போட்டு வாரேன்."

"உம் புள்ள பேரென்னடா?"

மேலே பார்த்துச் சிரித்தான். பேர் வரவில்லை.

நாலு பேராகப் பெல்ட் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். திட்டிக்கொண்டே வந்தான். வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் கிடந்தவன், யாரும் கேட்காமலே, "தமிழ்ச்செல்விங்ணா" என்றான். அப்புறம்தான் பயந்தான்.

3. பழகாத உடம்பு

கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன். பிரஷர் ஏறியிருந்தது. டாக்டர் சொன்னார்: "குனியறப்பல்லாம் ஆக்சிஜன் கொறஞ்சிருக்குதுங்க. இப்படி விட்டு விட்டுக் கொறஞ்சா நெஞ்சு வேகமா அடிக்கும், பிரஷர் ஏறும், மூளை மந்தமாகும். மந்தமானது அவருக்கே தெரியாதுங்க. அதைத்தான் பழகிப்போச்சுங்கறார்."

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். கீழே இருப்பவன் நன்றாக இருக்கிறேன் என்றால் நம்பாதே. நல்ல காற்றை ஊதுகிற புளோயரின் குழாயை அடி வரை இறக்காமல் யாரையும் இறக்காதே. இப்போது காற்றை அளக்க மீட்டர் வந்திருக்கிறது. அதையும் முகத்துக்கு நேராக மட்டும் பார்க்காதே, குனிகிற உயரத்துக்கு இறக்கிப் பார்.

சமீபத்தில் எங்கள் தொழில்காரர்கள் கூட்டத்தில் ஒரு எஞ்சினியர் தம்பி இதையே போர்டில் எழுதிக் கைதட்டு வாங்கினார். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் செய்யறதுதானுங்களே ஐயா" என்றார். எல்லாரும் செய்யவில்லை. எல்லாரும் முகத்துக்கு நேரே தொங்கவிட்டார்கள். கயிற்றை முழங்காலுக்கு விட்டவன் நான். அந்த வரிக்குக் கீழே என் பேரைப் போட வேண்டும். சாட்சிக்கு ரங்கன் உயிரோடு இருக்கிறான்.