பூசையில் வைத்த துப்பாக்கி

பிள்ளையார்பாளையத்துத் தணிகாசலம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் தறி அவருக்குப் பிடிபடவில்லை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்ததால் நகைக்கடை ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. இத்தனை வருடத்தில் யாரையும் சுட்டதில்லை. முறைத்ததோடு சரி.

ஆயுத பூசை அன்று காலை சிட்டிபாபுவின் டீக்கடை டிவியில், அமெரிக்காவில் ஏதோ பள்ளிக்கூடத்தில் சுட்டுவிட்டார்கள் என்று ஓடியது.

"அங்க மாகாணத்துக்கு ஒரு சட்டமாம்பா. சில எடத்துல கத்திரிக்கா மாதிரி வாங்கிக்கினு போலாமாம்," என்றார் சிட்டிபாபு.

"நம்மூர்ல வாங்கிப் பாரு. கலெக்டர் ஆபீஸு, ஸ்டேஷனுன்னு அலைஞ்சு செருப்பு தேஞ்சுடும். கிறுக்கன் கைக்குப் போவவே போவாது," என்றார் தணிகாசலம்.

"உன்னை விசாரிச்சாங்க, சரி. உன் வூட்ல இருக்கறவங்கள யார் விசாரிச்சா?"

"என் வூட்ல யாருய்யா கிறுக்கு? உன்னாட்டம் வெந்நீரை டீன்னு ஊத்தறவன் எவனும் இல்ல!"

கடையே சிரித்தது. பேச்சு அதோடு போயிற்று.

வீட்டில் மகன் லோகேஸ்வரன் இருந்தான். நிச்சயமான கல்யாணம் ஆவணியில் நின்றுபோனது. அதிலிருந்து தறியில் உட்காருவான், சாப்பிடுவான், பேசமாட்டான். அம்மா கமலாட்சி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "நாலு நாள்ல சரியாயிடுவான் வுடு," என்பார் தணிகாசலம்.

அன்று மாலை தறிக்கும் ஊடை நூல் ஓட்டும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பக்கத்தில் துப்பாக்கியைக் கிடத்தி, குழாய் வாயைச் சுற்றித் தணிகாசலமே குங்குமத்தைக் குழைத்துப் பூசினார். தோட்டா பீரோவில் பூட்டியிருந்தது. சாவி அரைஞாணில். பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். அதற்கு மேல் என்ன பூட்டு என்று படுத்துவிட்டார்.

விடிந்தது. தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. கூடத்துக்கு வந்தார். துப்பாக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் சாமி படத்தைப் பார்த்திருந்த வாய், இப்போது லோகேஸ்வரன் படுக்கும் பாயைப் பார்த்திருந்தது. குங்குமம் ஒரு பக்கம் ஈஷியிருந்தது.

எலி தள்ளியிருக்குமா? அவ்வளவு கனத்தை எந்த எலி தள்ளும்?

"அப்பா." பின்னால் லோகேஸ்வரன் நின்றிருந்தான். இத்தனை நாளில் அவனாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "பீரோ சாவி எங்க?"

"எதுக்குடா?"

"வேட்டி எடுக்கணும்."

வேட்டியெல்லாம் கொடியில் தொங்கியது. தணிகாசலம் மகன் முகத்தைப் பார்த்தார். கோயில் ஊர், நெற்றியில் குங்குமம் இல்லாத ஆளைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஆனால் இவன் நெற்றியில் இருந்தது பொட்டு இல்லை. நடுவில் வெறும் தோல். சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம்.

தணிகாசலம் சாவியை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபூசைக்குக் காத்திராமல் துப்பாக்கியைத் தூக்கினார்.

"ஐயோ, இன்னும் தீபம் காட்டலியே!" என்று கமலாட்சி ஓடிவந்தாள்.

"சாமி கோச்சிக்கினா என்மேல கோச்சிக்கட்டும். டேய், சட்டையைப் போடு. என்கூட வா."

ஸ்டேஷனில், பீரோவிலிருந்து எடுத்து வந்த தோட்டாவையும் துப்பாக்கியையும் மேசைமேல் வைத்தார். "லைசென்ஸையும் எடுத்துக்குங்க சார். இனிமே வேணாம்."

"பொழப்பு போயிடும்யா, யோசிச்சியா?" என்றார் ஏட்டு.

"போவட்டும் சார்."

மகனின் மணிக்கட்டை ஸ்டேஷனுக்குள்ளும் அவர் விடவில்லை. கையெழுத்துப் போடும்போது இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார். அவன் கை பிணம் மாதிரி குளிர்ந்திருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காராம்," என்றார் வெளியே வந்து.

லோகேஸ்வரன் கூடவே நடந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றான்.

"கையை வுட்டுடாதப்பா," என்றான்.