வரிக்காகக் கப்பல் ஏறினேன்

நான் பினாங்குக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் கணவருக்கு வந்த வருமானவரி நோட்டீஸ். ஆசைப்பட்டு அழைத்துக்கொண்டார் என்று சொல்ல எனக்கும் விருப்பம்தான். நடந்தது வேறு.

அவர் பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் மகளோடு இருந்தேன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து சில மாதங்கள் தங்கிப் போவார். மற்ற நாட்களில் பணம் மட்டும் வரும். அந்தப் பணத்தைப் பற்றித்தான் ஊர் வரி அதிகாரி விசாரித்தார்.

பினாங்கில் அப்போது வருமானவரியே கிடையாது. பினாங்கில் சம்பாதித்ததற்கு நாகப்பட்டினத்தில் எதற்கு வரி என்று கணவர் கொதித்தார். எங்கள் வக்கீலிடம் அதிகாரி பொறுமையாகவே விளக்கினாராம். கடை எந்தச் சீமையில் இருந்தாலும், வீட்டையும் பெண்டாட்டி பிள்ளையையும் நாகப்பட்டினத்தில் வைத்திருப்பவர் நாகப்பட்டினத்துக்காரர்தான். வெளியே கிடைத்த லாபத்தை அவர் ஊருக்குக் கொண்டுவந்தால் வரி உண்டு. குடும்பத்தோடு பினாங்கிலேயே குடியிருந்தால் அப்போது பேச்சு வேறு என்று வக்கீல் எழுதினார்.

அடுத்த மாதமே எனக்குக் கப்பல் சீட்டு வந்துவிட்டது. வீட்டை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டோம். என் அண்ணன் எங்களைக் கப்பலேற்றிவிட்டார்.

துறைமுகத்துக்குக் கணவரும் அவர் கடைக் கணக்குப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மகள் அப்பாவைப் பார்த்துவிட்டு என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். கடைக்கு மேல்மாடியில்தான் குடித்தனம். சமையலறையில் நசுங்கிய ஓர் அலுமினியச் சட்டியைத் தவிர ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் அவர்கள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டே காலம் தள்ளியிருக்கிறார்கள். கீழேயோ அண்டா, குண்டான், தவலை என்று கூரை வரைக்கும் பித்தளை மின்னிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய் எனக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்தேன்.

கணக்குப்பிள்ளை பதறிப்போய் வந்தார். "இதையெல்லாம் எந்தக் கணக்குல எழுதுறதுங்க?"

"குடியிருப்புக் கணக்குல எழுதுங்க," என்றேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

முதல் சில வாரங்கள் அழுகையாகத்தான் வந்தது. பிறகு எதிர்வீட்டு அரிசிக்கடைக்காரர் மனைவி சிநேகமானாள். பினாங்கிலேயே பிறந்தவள். "வாங்கக்கா, பசாருக்குப் போலாம்லா," என்று என்னைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய், மலாய் மீன்காரியிடம் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தாள். மகள் அவள் பிள்ளைகளோடு சேர்ந்து என்னைவிட வேகமாக மலாய் பேசினாள். மாலையில் கடையை அடைத்ததும் கணவர் மேலே வந்து சூடாகச் சாப்பிடுவார். குழம்பு நன்றாயிருந்தால் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை சோறு கேட்பார். கடைவேலை முடிந்து வந்த பசியில் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்பதே கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேலாகி வக்கீலிடமிருந்து முடிவு வந்தது. பழைய வருஷங்களுக்கு வரி கட்டியே ஆகவேண்டும், தப்ப முடியாது. ஆனால் நாங்கள் குடிபெயர்ந்த பிறகு அவர் பினாங்குவாசி, இனி வரி இல்லை என்பதை அதிகாரி ஒப்புக்கொண்டார். கணவர் பழைய பாக்கிக்குக் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, அன்று கடையில் எல்லோருக்கும் பலகாரம் வாங்கிக்கொடுத்தார்.

அன்று சாப்பிட்ட பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கேஸ் முடிஞ்சிருச்சு. வந்த புதுசுல ரொம்ப அழுதே. ஊருக்குப் போகணும்னா சொல்லு, அனுப்பி வைக்கிறேன்."

நான் போனால் மறுபடியும் வரி வருமா என்று கேட்டேன். பழையபடி வீட்டைத் திறந்து குடித்தனம் வைத்தால் வரலாம் என்றார்.

"அப்ப நான் போகலீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரிக்காகவா?"

"வரிக்காகவும்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு எங்களை மலையடிவாரப் பூந்தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அத்தனை வருஷம் பினாங்கில் இருந்தும் அவரும் அதைப் பார்த்ததில்லை. மகளுக்கென்று வாங்கிய வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு அவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு மரமேறியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் துரத்தினார். நானும் மகளும் புல்தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம்.