இடப்பக்கத்து முன்சில்லு

வீட்டில் ஒரு பழைய வான் வண்டி நிற்பது, நோயாளி ஒருவரை வைத்துப் பராமரிப்பதுபோலத்தான். இன்றைக்கு இது, நாளைக்கு அது. எங்கள் வான் வேலணையிலும் புளியங்கூடலிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வந்தது. அதை ஓட்டியவர் அப்பா. அதைப் பற்றிக் கதைத்தவர் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. அவருக்குத் தெரியாத இயந்திரம் தீவில் இல்லை; அவர் கைவைத்த பிறகு ஒழுங்காக ஓடிய இயந்திரமும் அதிகமில்லை. ஆனால் வானை வாங்கித் தந்தவர் அவர். அதனால் அவர் சொல்லும் எதையும் அப்பா 'ஏலாது' என்று ஒருநாளும் மறுத்ததில்லை. அம்மாவும் மறுக்க விட்டிருக்கமாட்டார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சில மாதங்களாக, பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் இடப்பக்கத்து முன்சில்லில், அந்தச் சக்கரத்தின் அடியில், 'டொக்' என்று ஒரு சத்தம். கடல் உப்புத்தான் காரணம் என்பது அப்பாவின் கட்சி. அந்த உப்புப் போகட்டும் என்று பின்னேரங்களில் வானின் அடிப்பக்கத்தைக் கிணற்றுத் தண்ணீரால் அடித்துக் கழுவுவார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரமே நுரைக்காது, அவ்வளவு உவர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கழுவினார்கள். நல்ல தண்ணீர் குடிக்கவே காணாது.

ஆவணி விடுமுறை முடியுமுன் வானை வருடாந்தத் தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதில் தேறினால்தான் பிள்ளைகளை ஏற்றலாம். மாமா அடியில் படுத்துப் பார்த்தார். சில்லைத் தாங்கும் இரும்புக் கையின் முனையில் ஒரு றப்பர் புஷ் உண்டு. அது தேய்ந்து தின்னுப்பட்டு, கை ஆடத் தொடங்கியிருந்தது. புதியது கொழும்பிலிருந்து வரக் கிழமைக்கணக்காகும். பள்ளிக்கூடமோ திங்கட்கிழமை தொடங்குகிறது. ஊருக்குள் புதிதாக இன்னொரு வானும் வந்திருந்தது. நாங்கள் ஓடாவிட்டால் பிள்ளைகள் அதில் ஏறிவிடுவார்கள்.

"சத்தம் கேட்டாத்தானே அத்தான் பிழை? சத்தத்தை நான் நிப்பாட்டி விடுறன். முதல்ல பாஸ் பண்ணுவம், பிறகு ஆறுதலா மாத்துவம்" என்றார் மாமா.

"சரி, செய்யும்" என்றார் அப்பா.

மாமா பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, புஷ் தேய்ந்த இடைவெளியில் திணித்து, மேலே கிறீசை அப்பினார். சத்தம் நின்றது. அம்மா சந்தோஷத்தில் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு வாளியை எடுத்து வானின் முகத்தைக் கழுவினார்.

பரிசோதனைக்கு நானும் தொற்றிக்கொண்டேன். பரிசோதகர் களைத்த மனிதர். எங்களுக்கு முன்னால் எத்தனையோ வாகனங்களுக்குக் கீழே போய் வந்திருந்தார். குழிக்குள் இறங்கி, சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. "எல்லாம் சரி, வெளியில எடும்" என்று கையைத் துடைத்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சேர்" என்றார் அப்பா, "இடப்பக்கத்து முன்சில்லை ஒருக்கா அலவாங்கு குடுத்து நெம்பிப் பாருங்கோ."

"ஏன், நான் பாத்தது காணாதோ?"

"இல்லை சேர். ஒருக்காப் பாருங்கோ."

அவர் அலுப்போடு மறுபடி இறங்கி அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, வைத்து நெம்பினார். இரும்புக் கை தாராளமாக அசைந்தது. ரியூப் கீலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன.

"ஆர் செய்த வேலை இது?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"நான்தான் சேர்" என்றார் அப்பா.

"பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்திற வான். உமக்கு வெக்கமில்லையோ? எந்தத் தண்ணியில கழுவிறனீர்? இரும்பெல்லாம் உக்கிப் போய்க்கிடக்கு."

"எங்கட கிணத்துத் தண்ணி சேர்."

எனக்கு அழுகை வந்தது. மாமா அப்பாவைப் பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "விசரே உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வானில் ஏறினார். திரும்பும்போது அப்பா அவ்வளவு மெதுவாக ஓட்டியதில், பாலத்தில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

வீட்டில் அப்பா "பெயிலாப் போச்சு" என்றார். அம்மா அந்தப் பரிசோதகரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். அப்பாவே நெம்பிப் பார்க்கச் சொன்ன உண்மையைச் சொன்னால் ரியூப் கதையும் வெளியே வரும் என்பதால் மாமா அதை எடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். மாமாவிடமிருந்து ஒரு விசுக்கோத்துப் பக்கெற் என் கைக்கு வந்து சேர்ந்தது.

பிறகு கொழும்பிலிருந்து சாமான் வந்தது. பழைய புஷ்ஷின் இரும்பு உறை துருவோடு ஒட்டிப்போய்க் கிடந்ததால் நெருப்பு வைத்துச் சூடாக்கித்தான் அடித்துக் கழற்றினார்கள். வான் மறுபடியும் ஓடியது. சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது பள்ளிக்கூடம் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமைதான். புது வான் வாசலில் வந்து ஹோர்ன் அடித்தது. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னை அதில் ஏற்றினார். எங்கள் வானில் முன் இருக்கையில் போன நான், பின்னால் இரண்டு பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் நசுங்கினேன். அப்பா வெளியே வரவில்லை. வெட்கத்தில் ஒளிந்திருக்கிறார் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் புறப்படுமுன் நான் எட்டிப் பார்த்திருந்தேன். அவர் ஒளிந்திருக்கவில்லை. பாயில் மல்லாந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பிழைப்பே வேறு வானில் ஏறிப் போகிறது, இந்த மனிதருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று பாலம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அத்தனை மாதமும் அந்த 'டொக்' சத்தத்தோடு அந்தப் பாலத்தில் எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனவர், ஒரு இரவாவது நிம்மதியாகக் கண்ணயர்ந்திருப்பாரா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.