குச்சி சொன்ன எழுபது லிட்டர்

மலையேறும்போது ஒரு லாரி டீசல் இல்லாமல் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால், உங்களுக்கு முதலில் யார்மீது சந்தேகம் வரும்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். டிரைவர்மீதுதானே? வழியில் டீசலை விற்றிருப்பான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதல்லவா? அப்படியானால் குச்சிக்காரியை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகளாக நெடுந்தூர லாரி ஓட்டும் பெண் அவர். பெயருக்குக் காரணம், இருக்கைக்குப் பின்னால் கிடக்கும் ஒரு குச்சி. வீட்டில் உடைந்துபோன கட்டிலின் சட்டத்திலிருந்து அறுத்தது. டேங்கில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கீறி, தானே அளவு வைத்துக்கொண்டார். அவருடைய கணவர் தையல்காரர். “கட்டில்ல பாதி உன்கூட ஊர் சுத்துது, மீதிப் பாதியில நான் படுத்திருக்கேன்” என்பார்.

காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்க்காமல் அவர் சாவியைத் திருப்பமாட்டார். டீசல் மீட்டரின் முள் காட்டுவதை நம்பமாட்டார். பாரம் ஏற்றினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், காலி வண்டிக்கு எத்தனை, எதிர்க்காற்று அடித்தால் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். மலைக்கு முன்னால் டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் ஏறவேமாட்டார். “பங்க் வந்தா ஊத்திக்கலாம்னு போறவங்க, பங்க் மூடியிருந்தா என்னத்த ஊத்துவாங்க? தண்ணியவா?” என்று கேட்பார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் வண்டி டீசல் இல்லாமல் சாலையில் நின்றதில்லை.

‘குச்சிக்காரி’ என்று கேலியாகப் பெயர் வைத்தவர், அதே ஷெட்டில் வண்டி ஓட்டும் மீசைக்காரர். “என்னக்கா, வண்டிக்குக் காய்ச்சலா? தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்குறீங்க?” என்று தினமும் ஒரு சீண்டல். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். இவர் குச்சியைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த மீசைக்காரரின் வண்டிதான் ஒரு நாள் மலைச்சாலையின் பதினோராவது வளைவில் நின்றுபோனது. மெக்கானிக் போனார். கேனில் கொண்டுபோன இருபது லிட்டரை ஊற்றினார், குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தார், வண்டி கிளம்பிவிட்டது. ஷெட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் மேலாளர் டேங்க் மூடியின் சாவியைப் பிடுங்கித் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் மீசைக்காரரின் புகைப்படம். கீழே ‘டீசல் திருட்டு, பணிநீக்கம்’ என்று மூன்றே வார்த்தை விசாரணை. அந்தப் படம் மற்ற கம்பெனிகளுக்கும் போகும். பிறகு எந்த ஸ்டியரிங்கும் அவர் கைக்கு வராது.

பழைய டயர்மீது உட்கார்ந்திருந்தார் மீசைக்காரர். “முள்ளு கால் டேங்க்குக்கு மேல காட்டுச்சுக்கா. சத்தியமா நான் விக்கல” என்றார்.

குச்சிக்காரி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. நேராக மெக்கானிக்கிடம் போனார்.

“தம்பி, ஊத்துறதுக்கு முன்னாடி உள்ள எவ்வளவு இருந்துச்சுன்னு பாத்தியா?”

“நின்னுபோன வண்டியில என்னக்கா பாக்குறது? நின்னுதுன்னா காலிதான?”

பாருங்கள், ஒரு மனிதனின் பிழைப்பே அந்த ‘தான’வில் தொங்கிக்கொண்டிருந்தது! இந்த உலகில் எத்தனை பேரை இந்தச் சொல் தூக்கில் போட்டிருக்கும்!

குச்சிக்காரி தன் குச்சியை எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனார். “சார், சாவியை எடுத்துட்டு வாங்க. நீங்களே திறங்க.”

“அவன் உன்னைக் கேலி பண்றவன். அவனுக்காகவா இவ்வளவு?”

“கேலிய நான் தனியா கவனிச்சுக்கறேன். இது வேற.”

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே வந்து பூட்டைத் திறந்தார். எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவு டேங்க்தான். குச்சி உள்ளே போய் வந்தது. ஏழாவது கீறல்வரை ஈரம்; எழுபது லிட்டர்.

“காலி டேங்க்ல இருபது லிட்டர் ஊத்துனீங்க. வளைவுல இருந்து இங்க வர பத்து லிட்டராவது எரிஞ்சிருக்கும். மிச்சம் பத்துதான இருக்கணும்? எழுபது இருக்கே சார், சாவி உங்க மேஜையில இருக்க, டீசல் என்ன குட்டி போட்டுச்சா?”

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. “அப்புறம் ஏன் நின்னுது?”

குச்சிக்காரி தன் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பிடித்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர். வாய்ப்பக்கத்தை மேலே தூக்கினார். தண்ணீர் முழுவதும் பின்பக்கம் ஓடியது. “உறிஞ்சுற குழாய் டேங்க்ல முன்பக்கம் இருக்கு. பதினோராவது வளைவு செங்குத்து. இருந்த அறுபது லிட்டரும் பின்னாடி போயிடுச்சு, குழாய் காத்தை இழுத்துச்சு. நீங்க இருபது ஊத்துனதும் மட்டம் உயர்ந்து குழாயைத் தொட்டுது. அவன் தப்பு, பாதி டேங்க் இல்லாம மலையேறுனது. அதுக்குத் திட்டுங்க. திருடன்னு சொல்லாதீங்க.”

மேலாளர் பலகைக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். அதோடு முடிந்தது என்று திரும்பியவரைக் குச்சிக்காரி விடவில்லை.

“நாலு வருஷம் முன்னாடி இதே வளைவுல ஒருத்தர் வண்டி நின்னுதே சார். அவரை அளந்தா அனுப்புனீங்க?”

அந்த மனிதர் இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறார். அவர் டேங்கில் அன்று என்ன இருந்தது என்று இனி எந்தக் குச்சியாலும் சொல்ல முடியாது. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கக் கோரி ஒரு தாள் ஷெட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் கையெழுத்து குச்சிக்காரியுடையது. இரண்டாவது மீசைக்காரருடையது. போட்டுவிட்டு, “அக்கா, உங்க கட்டில்ல இன்னொரு சட்டம் மிச்சமிருக்கா?” என்று கேட்டாராம்.

“என் வீட்டுக்காரரையும் தரையில படுக்க வெக்கப் பாக்குறியா? போய் உன் கட்டிலை உடை!”

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் ஒரு பலகை இருக்கும், அதில் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். நாளைக் காலை அதன்முன் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஊற்றுவதற்கு முன்னால் அளந்தீர்களா?”