முன் இடது டயர்

புது டயர் நான்கு போட்டு ஐந்தாவது நாள். நற்பிட்டிமுனை வயல் றோட்டில் காரை நேராக ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்தேன்.

கார் என்ன செய்தது தெரியுமா? தண்ணீர் குடிக்கப் போகிற மாடு மாதிரி, வாய்க்காலைப் பார்த்து மெல்ல மெல்ல இடப்பக்கம் நடக்கத் தொடங்கியது.

"யா அல்லாஹ்! புடிங்க ஸ்டியரிங்க!" பக்கத்தில் இருந்த மனைவி கத்தினாள். பிடித்தேன்.

"றோட்டு அந்தப் பக்கம் சரிஞ்சிரிக்கி. அதான்."

"போகக்குள்ளயும் இடப்பக்கந்தான் இழுத்த. இப்ப திரும்பி வரக்குள்ளயும் இடப்பக்கந்தான் இழுக்கு. றோட்டு ரெண்டு பக்கமுமா சரிஞ்சிரிக்கி?"

"ஓம். நடுவ உசத்தி, ரெண்டு பக்கமும் சரிச்சித்தான் றோட்டுப் போடுவாங்க."

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை எதற்குச் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வீல் அலைன்மெண்ட் செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏன்? அதை முதலில் சொன்னவர் றியாஸ்!

எங்கள் கல்முனைப் பக்க வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். என் மாமனார் தன் வளவை இரண்டாகப் பிரித்து, இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். வீடு இரண்டு, கேட் ஒன்று. மூத்தவளுக்கு நான், இளையவளுக்கு றியாஸ். ஆகவே சகலன் என்பவர் எனக்குப் பெருநாளுக்குப் பெருநாள் காண்கிற உறவல்ல. காலையில் பல் விளக்கும்போது காண்கிற உறவு.

இந்த றியாஸ் எட்டு மாதத்துக்கு முன் கட்டாரில் இருந்து வந்து ஒரு கார் எடுத்தார். வெள்ளை நிறம். நல்ல உயரம். சத்தமே கிடையாது. என் கார் ஸ்டார்ட் ஆனால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினார் வரைக்கும் தெரியும்.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஓம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? போன நோன்பில் இதே பத்திரிகைப் பத்தியில் 'பொறாமை நன்மைகளைத் தின்றுவிடும்' என்று உங்களுக்குப் புத்தி சொன்னவனும் நான்தான்...

சரி, காரையாவது விட்டுவிடலாம். மாமியை எப்படி விடுவது?

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. மட்டக்களப்பில் அவருக்குக் கண் கிளினிக். வருஷக்கணக்காக அவரைக் கூட்டிப் போனவன் நான். முன் சீற்றில்தான் இருப்பார். கல்லாற்றுப் பாலம் வந்ததும் கண்ணாடியைத் திறக்கச் சொல்லுவார். காற்று முகத்தில் அடித்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அந்தக் காற்றையே நான்தான் வரவழைத்த மாதிரி எனக்கு ஒரு பெருமை வரும்.

வெள்ளைக் கார் வந்த பிறகு இரண்டு கிளினிக் போய்விட்டது. இரண்டுக்கும் மாமி அதில்தான் போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். றியாஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மாமி ஒரு சிரமமும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அன்று பகல் சோறு இறங்கவில்லை.

என் காரின் டயர் தேய்ந்து கிடக்கிறது, அதுதான் மாமி பயப்படுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். நான்கையும் மாற்றினேன். மாற்றிய அன்று, டயர்க் கடை பாஸ் பழைய டயர்களைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். வியாபாரம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, டயர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். கேட்டடியில் றியாஸ் நின்றார். அண்ணன் முறை வைத்து என்னை 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"மாஷா அல்லாஹ், நாலும் புதிசு! கையோட அலைன்மெண்டும் பாத்தீங்களா, காக்கா?"

பார்த்தீர்களா? என் சந்தோஷத்தில் ஒரு ஓட்டை போடாமல் அவருக்கு இருக்க முடியவில்லை.

"புது டயருக்கு என்னத்துக்குத் தம்பி அலைன்மெண்ட்?" என்றேன்.

 அவர் பழைய டயர்களைக் கொச்சிக் கன்று, அதாவது மிளகாய்க் கன்று, வைக்கக் கேட்டார். பெரிய வள்ளல் மாதிரி நான்கையும் கொடுத்தேன்.

வயல் றோட்டில் வாய்க்காலுக்குள் இறங்கப் பார்த்த அன்றே பாஸிடம் போனேன்.

"உண்மையச் சொல்லுங்க பாஸ். அலைன்மெண்ட் வேணுமா, வேணாமா?"

"பழைய டயர் எங்க சேர்?" என்றார் அவர். "டயர் மாத்தினாச் செய்யத்தான் வேணுமெண்டு சட்டமில்ல. பழைய டயர் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேஞ்சிரிந்தா அவசரமில்ல. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிரிந்தா, புதிசையும் அது அப்படித்தான் தின்னும். எந்த டயர் எந்தப் பக்கத்த எண்டு சோக்குக் கட்டியால எழுதித்தான் தந்தன். போய்ப் பாருங்க. இல்லாட்டி இப்பவே மெஷின்ல ஏத்தட்டா?"

"பாத்திட்டு வாறன்" என்றேன். பழைய டயர் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் றியாஸ் சொன்னது பிழை என்று ஆகிவிடும் அல்லவா? அந்த ஆசை எனக்கு.

அஸர் தொழுதுவிட்டு, றியாஸ் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவர் வீட்டுப் பக்கம் போனேன். நான்கு டயரும் வரிசையாகக் கிடந்தன. உள்ளே மண், மண்ணில் கொச்சிக் கன்று. சகலனின் கொச்சிக் கன்றுக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டு டயரைத் தடவுகிற ஒரு எழுத்தாளனைக் கற்பனை செய்து பாருங்கள்.

"என்ன காக்கா தேடுறீங்க?"

றியாஸ்தான். வேறு வழி? சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குந்தினார். மூன்று டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. நான்காவதில் 'முன் இடது' என்று சோக் எழுத்து. இருவரும் சேர்ந்து தூக்கினோம். மண் கொட்டியது, கன்று ஒன்று சாய்ந்தது. டயரின் வெளி ஓரத்தில் பூ, அந்த வெட்டுக் கோடுகள், இன்னும் அழியாமல் இருந்தது. உள் ஓரத்தைத் தடவினேன். மொட்டை!

"இந்தச் சில்லு மட்டும் எங்கயோ அடிபடுகிது காக்கா. ஒவ்வொரு நாளும் ஏறி விழுற மாதிரி இடம் ஏதும் இரிக்கா?"

இருக்கிறது. எங்கள் கேட்டடியில் இருக்கிறது.

வெள்ளைக் கார் நிற்பது வழியில் பாதியை அடைத்துக்கொண்டுதான். என் கார் றிவர்சில் வெளியே போகவும் நேராக உள்ளே வரவும், இடப்பக்க முன் சில்லைக் கழிவுநீர் ஓடுகிற காணின் கொங்கிரீட் விளிம்பில் ஏற்றி இறக்க வேண்டும். 'டொக்'. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. எட்டு மாதமாக இப்படித்தான். "தம்பி, காரக் கொஞ்சம் எடுங்க" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தக் காரைக் கண்டுகொண்ட மாதிரி ஆகிவிடுமே!

நான் வாயைத் திறக்கவில்லை. கண்தான் கேட்டுப் பக்கம் போனது. றியாஸின் கண்ணும் பின்னாலேயே போனது.

"ஒரு குரல் தந்திரிந்தா எடுத்திரிப்பனே, காக்கா!" அவர் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "உங்களுக்குப் போக இடம் போதுமெண்டெல்லோ நான் நினைச்சிட்டிரிந்தன்..."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

மறுநாள் மெஷினில் ஏற்றினோம். திரும்ப அதே வயல் றோட்டு, திரும்பக் கையை எடுத்தேன். கார் நூல் பிடித்த மாதிரிப் போனது. றோட்டு சரிந்துதான் இருந்தது, பாவம்... அதன் மேல் வீணாகப் பழி போட்டுவிட்டேன்.

வெற்றி வீரனாக மாமியிடம் போனேன். "மாமி, டயர் நாலும் புதிசு. காரும் இப்ப நேராப் போகுது. செவ்வாக்கிழமை கிளினிக்குக்கு நம்மட கார்ல போவமா?"

மாமி என்னை விளங்காமல் பார்த்தார். "டயரா? அத ஆரு மகன் பாத்த? உங்கட கார் நிலத்தோட நிலமாப் பதிவு. முழங்கால மடக்கி ஏற எனக்கு ஏலா. அவர்ர கார் உசரம், கதிரையில இரிக்கிற மாதிரி இரிக்கலாம். கல்லாத்துக் காத்துத்தான் இல்ல. ஏசியப் போட்டுக் கண்ணாடியப் பூட்டிருவார்."

"என்னட்டச் சொல்லிரிக்கலாமே, மாமி?"

"கேட்டாச் சொல்லிரிப்பன்."

பொறாமைக்குக் கண் இருக்கிறது, வாய்தான் இல்லை. ஒரு 'காரை எடுங்க'வும், ஒரு 'ஏன் மாமி?'யும் வாயில் இருந்து வந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை, மாமிக்காக என் காரின் முன் சீற்றில் தலையணை போட்டு உயர்த்திவிட்டு, முதல் முறையாக, "தம்பி, காரக் கொஞ்சம் எடுங்க" என்றேன். றியாஸ் வந்தார். காரை எடுக்கவில்லை. சாவியை என் கையில் வைத்தார்.

"மாமிக்கு முழங்கால். நீங்க இதுலயே கூட்டிப் போங்க, காக்கா."

கல்லாற்றுப் பாலத்தில் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் திறந்தேன். காற்று வந்தது. மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மனம் குளிர்ந்தது.

திரும்பி வரும்போது, ஆளில்லாத நேர் றோட்டில், ஒரு நொடி மட்டும் ஸ்டியரிங்கைத் தளர விட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கார் இடப்பக்கம் இழுக்கிறது! கொஞ்சம்தான்... ஆனால் இழுக்கிறது.

றியாஸிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுவேன்.